பங்கின் எல்லையும் மாநகரின் எல்லையும்

2025ஆம் ஆண்டு மே 8ஆம் நாள் திருத்தந்தை பதினான்காம் லியோ தேர்ந்தெடுக்கப்பட்டபோது, சிகாகோ என்னும் பெயர் நம் பங்குகளிலெல்லாம் பேசப்பட்டது. அமெரிக்க ஐக்கிய நாட்டிலிருந்து வந்த முதல் திருத்தந்தை பிறந்த நகர் அது. அவர் பிறந்தது 1955 செப்டம்பரில். அதற்கு ஐந்து மாதங்களுக்கு முன், அதே ஆண்டு ஏப்ரலில், அந்நகரின் மேயராக ரிச்சர்ட் ஜே. டேலி என்னும் கத்தோலிக்கர் பதவியேற்றார். ஆறு முறை தொடர்ந்து வென்று, 1976இல் பதவியிலிருந்தபடியே இறக்கும்வரை 21 ஆண்டுகள் அம்மாநகரை அவர் ஆண்டார். அமெரிக்கப் பெருநகர்களில் கட்சியைக் கைக்குள் வைத்துக்கொண்டு நகரையே நடத்திய தலைவர்களை 'பாஸ்' என்று அழைப்பது வழக்கம். அவர்கள் நடத்திய கட்சி அமைப்புக்கு 'இயந்திரம்' என்று பெயர். அந்தப் பரம்பரையின் கடைசிப் பெருந்தலைவர் டேலி என்று வரலாற்றாசிரியர் பலர் எழுதுவர்.

இத்தகைய தலைவர் ஒருவரைப் பற்றித் திருச்சபையின் இதழில் எழுத என்ன இருக்கிறது என்று வாசகர் வினவக்கூடும். டேலி அன்றாடம் திருப்பலியில் பங்கேற்றவர். மாநகர மன்றத்துக்குச் செல்லும் வழியில், நகர மையத்திலுள்ள புனித பேதுரு ஆலயத்தில் காலைத் திருப்பலி கண்ட பின்னரே அலுவலைத் தொடங்குவார். ஏழு பிள்ளைகளின் தந்தை. 1939இல் கட்டிய எளிய வீட்டிலேயே இறுதிவரை குடியிருந்தவர். ஊழல் குற்றச்சாட்டு எதுவும் அவர்மீது நீதிமன்றத்தில் கொண்டுவரப்படவில்லை. அவருடைய வலிமையும் குறையும் ஒரே ஊற்றிலிருந்து பிறந்தன என்பதும், அந்த ஊற்று அவர் வளர்ந்த பங்கு என்பதும் நம் கருத்து. ஆகவே அவர் வரலாறு நமக்கு அயலாருடைய வரலாறு அன்று.

அந்தப் பங்கு உருவான விதத்தை முதலில் காண்போம். இல்லினாய் ஆற்றையும் மிச்சிகன் ஏரியையும் இணைக்கும் கால்வாயை வெட்டும் பணி 1836இல் தொடங்கி 1848இல் நிறைவுற்றது. மண்வெட்ட வந்த அயர்லாந்துக் கூலிகள் குடிசை போட்டுத் தங்கிய இடமே பிரிட்ஜ்போர்ட். 1845க்குப் பின் உருளைக்கிழங்குப் பயிர் அழுகி அயர்லாந்தில் பெரும் பஞ்சம் வந்தபோது மேலும் பலர் வந்து சேர்ந்தனர். கையில் செபமாலையும் வயிற்றில் பசியுமாக வந்த அம்மக்களை அந்நாடு விரும்பி வரவேற்கவில்லை. 1855இல் சிகாகோவின் மேயராக வந்த லீவை பூன், வந்தேறிகளையும் கத்தோலிக்கரையும் எதிர்ப்பதையே கொள்கையாகக் கொண்ட கட்சியின் ஆதரவில் வென்றவர். நகரின் காவல்துறையில் அமெரிக்காவில் பிறந்தவர்க்கு மட்டுமே இடம் என்று அவர் விதித்தார். சரியாக நூறாண்டு கழித்து, 1955இல், அந்நகரின் மேயர் நாற்காலியில் அயர்லாந்துக் கூலி மரபின் பேரப்பிள்ளை ஒருவர் அமர்ந்தார். இந்த நூறாண்டை மனத்தில் கொள்ளாமல் டேலியை மதிப்பிட முயல்வது நீதியாகாது.

அரசு வேலை மறுக்கப்பட்ட மக்களுக்கு அரசு வேலை வெறும் பிழைப்பாக மட்டும் இருக்கவில்லை, மானமாகவும் இருந்தது. அயர்லாந்தவர்க்கு ஆங்கிலம் தெரியும், எண்ணிக்கை உண்டு, பங்கு என்னும் கட்டுக்கோப்பு உண்டு. கட்சியின் வார்டும் ஆலயத்தின் பங்கும் அங்கே ஏறக்குறைய ஒரே தெருக்களில் அமைந்திருந்தன. வேலை கேட்பவன், குளிர்காலத்தில் அடுப்புக்கு நிலக்கரி இல்லாதவன், மகனைக் காவல் நிலையத்திலிருந்து மீட்க வேண்டிய தாய், அடக்கச் செலவுக்கு வழியில்லாத கைம்பெண் ஆகிய எல்லாரும் வார்டுத் தலைவரை நாடினர். அவர் செய்து கொடுத்தார். கைம்மாறாகத் தேர்தல் நாளில் ஒரு வாக்கு. அக்காலத்தில் அரசு தரும் உதவித் திட்டங்கள் ஏதுமில்லை என்பதை நினைவில் வைத்தால், இதை முற்றிலும் பழிப்பதற்கு நமக்கு மனம் வராது.

1902 மே 15ஆம் நாள் டேலி அங்கே பிறந்தார். பெற்றோர்க்கு ஒரே பிள்ளை. தந்தை மைக்கேல் தகட்டு வேலை செய்த தொழிற்சங்கத்தவர். தாய் லிலியன் பெண்களுக்கு வாக்குரிமை கோரிய ஊர்வலங்களுக்கு மகனைக் கையில் பிடித்து அழைத்துச் சென்றவர். ஆண்டவரின் பிறப்பு ஆலயத்தில் திருமுழுக்கு, அங்கேயே பீடச்சிறுவர் பணி, அப்பங்கின் பள்ளியிலேயே தொடக்கக் கல்வி. பின்னர் லசால் சகோதரர்கள் நடத்திய பள்ளியில் தட்டச்சும் கணக்கெழுதுதலும் பயின்று 1919இல் வெளிவந்தார். அருகிலிருந்த மாபெரும் கால்நடைச் சந்தையில் காலையில் மாடுகளை ஓட்டிவிட்டுப் பகலில் எழுத்தர் வேலை பார்த்தார். இரவில் வின்சென்ட் சபைக் குருக்களின் தே பவுல் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்றார். இவ்விரவுப் படிப்பு பத்தாண்டுகளுக்குமேல் நீண்டது. 1933இல்தான் அவர் வழக்கறிஞரானார். விரைந்து முன்னேறும் அறிவாளி அவர் அல்லர். காத்திருக்கத் தெரிந்தவர், அதுவே அவருடைய முதலீடு.

இந்த இளமையில் ஒரு நிழலும் உண்டு. பிரிட்ஜ்போர்ட் இளைஞர்கள் ஹாம்பர்க் மன்றம் என்னும் விளையாட்டு மன்றத்தில் கூடுவர். 1919 ஜூலை 27ஆம் நாள், ஏரியில் மிதந்து வெள்ளையர் பகுதிப் பக்கம் சென்றுவிட்ட ஒரு கறுப்பினச் சிறுவன் கல்லெறிக்கு ஆளாகி மூழ்கி இறந்தான். அதையொட்டி எழுந்த கலவரத்தில் 38 பேர் மடிந்தனர். அவர்களுள் 23 பேர் கறுப்பினத்தவர். வெள்ளை இளைஞர் மன்றங்கள் பல இதில் முன்னின்றன என்று பின்னர் ஆய்ந்த குழு அறிக்கை தந்தது. ஹாம்பர்க் மன்றத்தின் பெயரும் அதில் உண்டு. டேலிக்கு அப்போது வயது 17. அவர் என்ன செய்தார், எங்கிருந்தார் என்பதை இறுதிவரை அவர் சொல்லவே இல்லை. 1924இல் அதே மன்றத்தின் தலைவராகி ஏறத்தாழ 15 ஆண்டுகள் அப்பொறுப்பில் இருந்தார்.

அங்கிருந்து அவர் ஏறிய படிகளைப் பார்த்தால், பலவும் மற்றவர் விட்டுச்சென்றவை. 11ஆம் வார்டின் கட்சித் தலைவர் ஜோசப் மெக்டனோ பெருத்த உடலும் கேளிக்கை நாட்டமும் கொண்டவர்; கணக்கேடு அவருக்குக் கைப்பு. அந்த ஏடுகளை எல்லாம் டேலி பார்த்துக்கொண்டார். 1930இல் மெக்டனோ மாவட்டப் பொருளாளரானபோது டேலி அவருடைய உதவியாளராகி, அரசுப் பணம் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்பதைக் கற்றார். 1934இல் மெக்டனோ இறந்தார். 1936இல் மாநிலச் சட்டமன்றத்துக்கான குடியரசுக் கட்சி வேட்பாளர் ஒருவர் தேர்தலுக்குச் சற்றுமுன் இறந்துவிட, வாக்குச் சீட்டில் பெயரைக் கையால் எழுதச் செய்து டேலியை வெல்ல வைத்தது இயந்திரம். இவ்வாறு எதிர்க்கட்சியின் இடத்தில் நுழைந்து தம் பொதுவாழ்வைத் தொடங்கிய வேடிக்கையும் அவருக்கு நேர்ந்தது! 1938இல் மேலவை. 1946இல் மாவட்ட ஷெரிப் பதவிக்குப் போட்டியிட்டுத் தோற்றார். வாழ்நாளில் அவர் கண்ட ஒரே தேர்தல் தோல்வி அது. அடுத்த ஆண்டே வார்டின் கட்சித் தலைமை அவர் கைக்கு வந்தது. 1949இல் மாநில வருவாய்த் துறைத் தலைவர், 1950இல் மாவட்டச் செயலர், 1953இல் குக் மாவட்ட ஜனநாயகக் கட்சித் தலைவர்.

இயந்திரத்தை உருவாக்கியவர் டேலி அல்லர். செக் நாட்டிலிருந்து வந்த ஆன்டன் செர்மாக் 1931இல் மேயராகி, அயர்லாந்தவர், போலந்தவர், செக்கர், யூதர் என்று சிதறிக் கிடந்தோரை ஒரே கட்சிக் குடையின்கீழ்க் கொணர்ந்தார். 1933இல் குடியரசுத் தலைவராகப் பொறுப்பேற்கவிருந்த ரூஸ்வெல்ட்டைக் குறிவைத்ததாகக் கருதப்படும் குண்டு பாய்ந்து செர்மாக் இறந்தார். பின்வந்த எட்வர்ட் கெல்லி 1947வரை ஆண்டார். கறுப்பினத்தவரும் எப்பகுதியிலும் வீடு பெறலாம் என்று கெல்லி பேசியது அவருக்குக் கட்சி மீண்டும் வாய்ப்பு மறுத்ததற்கு ஒரு காரணம். இந்தப் பாடத்தை டேலி மறக்கவே இல்லை.

கெல்லிக்குப் பின் வந்த மார்ட்டின் கென்னெலி நேர்மையான வணிகர். ஆனால் கட்சிக்காரர்க்கு வேலை தருவதைக் குறைத்தார். 1955இல் கட்சி அவரைக் கைவிட்டு டேலியை நிறுத்தியது. பிப்ரவரியில் நடந்த கட்சியின் உட்தேர்தலில் டேலி வென்றதற்குப் பெருங்காரணம், தென்பகுதியின் கறுப்பின வார்டுகளைத் தம் கைக்குள் வைத்திருந்த நாடாளுமன்ற உறுப்பினர் வில்லியம் டாசன். ஏப்ரல் 5ஆம் நாள் பொதுத்தேர்தலிலும் அந்த வார்டுகளே டேலியைத் தாங்கின. கறுப்பின மக்களின் வாக்கால் அரியணை ஏறியவர் டேலி. பின்னால் நாம் காணப்போவதைப் புரிந்துகொள்ள இது தேவை.

மேயரானால் கட்சித் தலைமையை விட்டுவிடுவதாக அவர் சொல்லியிருந்தார், விடவில்லை. இரண்டும் ஒரே கையில் சேர்ந்ததுதான் அவருடைய ஆற்றல். வரவு செலவுத் திட்டம் வகுக்கும் உரிமையை மாமன்றத்திடமிருந்து மேயர் அலுவலகத்துக்கு மாற்றிக்கொண்டார். நகரில் 50 வார்டுகள்; அவற்றுள் 3,000க்கும் மேற்பட்ட வாக்குச்சாவடிப் பகுதிகள். ஒவ்வொரு பகுதிக்கும் கட்சியின் தலைவர் ஒருவர். அவருக்கு அரசில் ஒரு வேலை. இப்படிக் கட்சியின் பரிந்துரையால் கிடைத்த வேலைகள் 30,000க்கும் மேல் என்று மதிப்பிடுவர். பகுதித் தலைவர் தம் சில நூறு வாக்காளர்களை வீடு வீடாக அறிவார். யாருக்குக் குப்பைத் தொட்டி வேண்டும், எந்தத் தெரு விளக்கு எரியவில்லை, எந்த வீட்டில் நோயாளி என்பதெல்லாம் அவர் குறிப்பேட்டில் இருக்கும். தேர்தலில் அவர் பகுதியில் வாக்குக் குறைந்தால் வேலை போகும். பதவி உயர்வு கேட்டுவந்தவரின் பகுதி வாக்கு எண்ணிக்கையை டேலி நினைவிலிருந்தே சொல்வாராம். இழவு வீடுகளுக்குச் செல்வதில் அவரை மிஞ்சியவர் இல்லை. நகரும் நன்றாகவே நடந்தது: தெருக்கள் தூய்மையாக இருந்தன, பனி அகற்றப்பட்டது, ஓ'ஹேர் விமான நிலையம் விரிந்தது.

இங்கே நாம் சற்று நின்று ஒன்றைக் கேட்கவேண்டும். துன்புறும் அயலானின் வீட்டுக்குச் செல்வதும், நோயாளியை நினைவில் வைப்பதும், இறந்தோர் வீட்டில் செபிப்பதும் நம் மறைக்கல்வி சொல்லித்தரும் இரக்கச் செயல்கள் அல்லவா? பிரிட்ஜ்போர்ட் சிறுவர்கள் அவற்றைப் பங்கில்தான் கற்றார்கள். இயந்திரம் அவற்றைக் கட்சியில் செய்தது. ஆனால் கணக்கில் எழுதி வைத்துச் செய்தது. திருப்பித்தர இயலாதவர்களை விருந்துக்கு அழைக்கும்படி லூக்கா நற்செய்தி 14ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் கூறுகிறார். இயந்திரத்தின் விருந்தில் திருப்பித்தர இயலாதவர்க்கு இலை இல்லை. உதவி பெற்றவனுக்கு அது உரிமையாகவும் இருக்கவில்லை, கொடையாகவும் இருக்கவில்லை, கடனாக இருந்தது. குப்பை அள்ளுவது நகரின் கடமை. வரி செலுத்திய குடிமகன் அதற்காக ஒருவருக்கு நன்றிக்கடன் படவேண்டும் என்று ஆனபோது, அவனது குடியுரிமையில் ஏதோ ஒன்று களவாடப்பட்டுவிட்டது.

1960இல் கத்தோலிக்கரான ஜான் கென்னடி குடியரசுத் தலைவருக்குப் போட்டியிட்டார். சிகாகோ நகரில் அவருக்கு 4,56,000க்கும் மேற்பட்ட வாக்கு வேறுபாட்டை டேலி ஈட்டித் தந்தார். அப்படியும் இல்லினாய் மாநிலம் முழுவதிலும் கென்னடியின் முன்னிலை 8,858 வாக்குகளே. வாக்குகள் திருடப்பட்டன என்ற குற்றச்சாட்டு அன்றே எழுந்தது. சாவடிப் பணியாளர் சிலர் பின்னர் தண்டிக்கப்பட்டனர். இல்லினாய் இல்லாமலும் கென்னடி வென்றிருப்பார் என்பது கணக்கு. எனினும் உலகெங்கும் கத்தோலிக்க வீடுகளில் படமாய்த் தொங்கிய அந்த வெற்றியில் ஒரு கறை ஒட்டிக்கொண்டது.

இனி கறுப்பின மக்களுக்கு நேர்ந்ததைச் சொல்லவேண்டும். பிரிட்ஜ்போர்ட்டின் கிழக்கெல்லையாக வென்ட்வொர்த் சாலை இருந்தது. அதற்கு அப்பால் கறுப்பின மக்கள் நெருக்கியடித்து வாழ்ந்தனர். 1962இல் திறக்கப்பட்ட டான் ரயன் விரைவுச்சாலை அந்த எல்லையை ஒட்டியே ஓடுகிறது. முதலில் வகுத்த தடம் மாற்றப்பட்டது என்பதை வரலாற்றாசிரியர் பலர் சுட்டுவர். பல தடங்கள் கொண்ட அச்சாலை இரு மக்களுக்கிடையே அகழி போலாயிற்று. அகழிக்கு அப்பால் அதே 1962இல் 16 மாடிக் கட்டடங்கள் 28 எழுந்தன. 4,300க்கும் மேற்பட்ட குடியிருப்புகள். ஏழைக் கறுப்பினத்தவரே ஏறத்தாழ எல்லாரும். அதற்கு ராபர்ட் டெய்லர் இல்லங்கள் என்று பெயரிட்டனர். டெய்லர் நகர வீட்டுவசதி ஆணையத்தின் முதல் கறுப்பினத் தலைவர். எல்லா இனத்தவரும் கலந்து வாழும் வீடுகளுக்கு மாமன்றம் இடம் தர மறுத்ததால் 1950இல் பதவி விலகியவர். அவர் எதை எதிர்த்து விலகினாரோ அதற்கே அவர் பெயர்! 2007க்குள் அக்கட்டடங்கள் அனைத்தும் இடிக்கப்பட்டுவிட்டன.

திருச்சபை வாளாவிருக்கவில்லை என்பதையும் பதிவு செய்வோம். 1958இல் ஹைட் பார்க் பகுதிச் சீரமைப்புத் திட்டம் ஏழைகளை வெளியேற்றிவிடும் என்று உயர்மறைமாவட்டத்தின் சார்பில் மான்சிஞ்ஞோர் ஜான் ஈகன் வெளிப்படையாக எதிர்த்தார். டேலி திட்டத்தை நிறைவேற்றினார். ஈகனுக்கு எதிராகப் பேசியவர்களுள் கத்தோலிக்கரும் இருந்தனர்.

1963 தேர்தலில் போலந்து மரபினரான பெஞ்சமின் ஆடமோவ்ஸ்கிக்கு வெள்ளையர் வாக்குகளில் பெரும்பகுதி போயிற்று. டேலியைக் காத்தவை மீண்டும் கறுப்பின வார்டுகளே. இத்தகைய நன்றிக்கு என்ன கைம்மாறு? கணக்கு வேறுவிதமாகப் பேசியது. கறுப்பினத்தவர் வாக்கு எங்கும் போகாது. வெள்ளையர் வாக்கு போய்விடக்கூடும். ஆகவே கவனிக்க வேண்டியவர்கள் வெள்ளையர். அடுத்த ஆண்டு, 1964 அக்டோபரில், டேலி வாழ்ந்த லோ தெருவிலேயே இரு கறுப்பின மாணவர்கள் வாடகைக்கு வந்தனர். கூட்டம் திரண்டது, கல் பறந்தது. மாணவர்கள் வெளியே சென்றிருந்த வேளையில் அவர்தம் பொருள்கள் காவல் நிலையத்துக்கு அகற்றப்பட்டன. அந்த வீடு வேறு குடியினர்க்கு விடப்பட்டது. நாள்தோறும் நற்கருணை வாங்கிய அண்டைவீட்டுக்காரர், நகரின் காவல்துறையே தம் ஆணைக்குக் கட்டுப்பட்டிருந்தும், அவர்கள் தங்குவதற்கு எதுவும் செய்யவில்லை.

1966இல் மார்ட்டின் லூதர் கிங் சிகாகோவுக்கு வந்தார். ஜூலை 10ஆம் நாள் பெருங்கூட்டத்தில் பேராயர் ஜான் கோடியின் ஆதரவுச் செய்தி வாசிக்கப்பட்டது. அன்றே கிங் ஊர்வலமாகச் சென்று மாநகர மன்றத்தின் கதவில் தம் கோரிக்கைகளை ஒட்டினார். பின்னர் வெள்ளையர் வாழும் பகுதிகளில் ஊர்வலங்கள் நடந்தன. ஆகஸ்டு 5ஆம் நாள் மார்க்வெட் பூங்காவில் கிங்கின் தலையில் கல் விழுந்தது. ஊர்வலத்தில் அருட்தந்தையரும் அருட்சகோதரியரும் நடந்தனர். கல்லெறிந்த கூட்டத்திலும் ஞாயிறு தவறாமல் திருப்பலிக்குச் செல்வோர் திரளாக இருந்தனர். துறவற உடை அணிந்த சகோதரியரை நோக்கி அவர்கள் வீசிய சொற்கள் அச்சிடத் தக்கவை அல்ல. ஆலயத்தைத் தங்கள் காசால் கட்டியவர்கள் அவர்கள்; கறுப்பினத்தவர் வந்தால் வீட்டின் விலை வீழும், பங்கு கலையும் என அஞ்சியவர்கள். அச்சம் பொய்யன்று; பல பங்குகள் அவ்வாறு கலைந்தன. ஆனால் பங்கைக் காப்பதற்கென எறிந்த கல் நற்செய்தியின்மீதே விழுந்தது. பேராயர் கோடியும் சில நாள்களில் ஊர்வலங்களை நிறுத்தும்படி வேண்டிக்கொண்டார். ஆகஸ்டு 26ஆம் நாள் கிங்கும் டேலியும் சமயத் தலைவர்களும் கூடி ஓர் உடன்பாடு கண்டனர். அதில் வாக்குறுதிகள் இருந்தன. நிறைவேற்றக் கட்டாயம் இல்லை. அடுத்த ஆண்டுத் தேர்தலில் டேலி 73 விழுக்காடு வாக்குகளைப் பெற்றார்.

பின்வந்த ஆண்டுகள் பலரும் அறிந்தவை. 1968இல் கிங் கொல்லப்பட்டபின் எழுந்த கலவரத்தில், தீ வைப்போரைக் கொல்லவும் கொள்ளையடிப்போரை முடமாக்கவும் சுடுமாறு ஆணையிட்டதாக அவர் அறிவித்தார். அவ்வாண்டு ஆகஸ்டில் நடந்த கட்சி மாநாட்டின்போது காவலர் இளைஞர்களை அடித்ததைத் தொலைக்காட்சியில் நாடே கண்டது. 1974இல் அவருடைய மாமன்றத் தளபதி தாமஸ் கீன் சிறைத்தண்டனை பெற்றார். 1976 ஜூனில், கட்சி சாராததற்காக அரசு ஊழியரை நீக்குவது தவறு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிகாகோ பகுதியிலிருந்து சென்ற வழக்கு அது.

அதே ஆண்டு டிசம்பர் 20ஆம் நாள் காலை டேலி ஓர் உடற்பயிற்சிக் கூடத்தைத் திறந்துவைத்து, கூடைப்பந்து ஒன்றையும் எறிந்து சிரித்தார். பிற்பகலில் மருத்துவரிடம் சென்றிருந்தபோது மாரடைப்பால் இறந்தார். திருமுழுக்குப் பெற்ற ஆலயத்திலேயே அடக்கத் திருப்பலி. குடியரசுத் தலைவராகத் தேர்வாகியிருந்த ஜிம்மி கார்ட்டர் வந்திருந்தார். கடுங்குளிரில் தெருவெல்லாம் மக்கள் நின்றனர். பகுதித் தலைவர்கள் பலர் உண்மையாகவே அழுதனர்.

மேயர் பதவி காலியானால் மாமன்றத்தின் தற்காலத் தலைவரே பொறுப்பு வகிக்கவேண்டும் என்று வாதிட இடமிருந்தது. அப்போது அப்பதவியில் இருந்தவர் வில்சன் ஃப்ராஸ்ட். கறுப்பினத்தவர், இயந்திரத்துக்கு நெடுநாள் உண்மையாக உழைத்தவர். அவர் மேயரின் அலுவலகத்துக்குச் சென்றபோது கதவு பூட்டியிருந்தது, காவலர் நின்றனர். சாவி கிடைக்கவில்லை என்று அவரிடம் சொன்னார்கள். சில நாள்களில் மாமன்றம் கூடி, பிரிட்ஜ்போர்ட்டைச் சேர்ந்த, 11ஆம் வார்டின் மைக்கேல் பிலாண்டிக்கைத் தற்காலிக மேயராகத் தேர்ந்தெடுத்தது.